வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேர விளக்கம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த கையோடு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போய், ஹம்பர்க் பக்கம் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கிப் படித்துவிட்டு வந்தாள். கிளம்புமுன் எங்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். மொத்தம் இரண்டு மணி நேரம். கடப்பிதழ், விசா, காப்புறுதி, பெட்டி எத்தனை கிலோ என்பதிலேயே நேரமெல்லாம் போய்விட்டது. அங்கே போய் ஒரு வீட்டில் எப்படி வாழ்வது என்பதற்குக் கடைசிப் பத்து நிமிடம்தான், அதுவும் "தைரியமாக இருங்கள், எல்லாம் பழகிவிடும்" என்பதோடு சரி.

அங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பல வீடுகளில் அடுப்பே மூட்டுவதில்லை, ரொட்டியும் சீஸும்தான். அந்த வீட்டு அம்மா தட்டை நீட்டி, இன்னும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இவள் நம் வீட்டுப் பழக்கத்தில் "போதும், வேண்டாம்" என்றிருக்கிறாள். நம் ஊரில் அத்தை விடுவாரா? இரண்டாவது தடவை கேட்பார், மூன்றாவது தடவை கேட்காமலே தட்டில் வைத்துவிடுவார். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பிள்ளை சொன்னதை அப்படியே ஏற்பதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. தட்டை எடுத்து வைத்துவிட்டார். தன்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்து இவள் பத்து நாள் அரை வயிற்றோடு படுத்திருக்கிறாள், தன் வீட்டுச் சாப்பாடு இவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று அந்த அம்மா கவலைப்பட்டிருக்கிறார். போய் வந்த மாணவர் ஒருவர் இங்கேயே ஒரு மேசையில் உட்கார வைத்து இதைச் செய்து காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் புரிந்திருக்கும்.

அப்புறம் டிசம்பர். அந்தப் பக்கம் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், நமக்கு அப்போது இரவு 11. பள்ளியிலிருந்து வந்ததும் அழைப்பாள், நானும் தூங்காமல் காத்திருந்து "சோறு சாப்பிட்டியாம்மா?" என்பேன், உடனே அழுகை வந்துவிடும், எனக்கும்தான். தினமும் ஒரு மணி நேரம் இப்படிப் போனது. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது, திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்றுகூட வீட்டில் பேசினோம். கலாசார அதிர்ச்சி பற்றி கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-லேயே எழுதியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். முதலில் எல்லாமே புதுமையாக இருக்கும், அப்புறம் எதைக் கண்டாலும் எரிச்சலும் ஊர் ஏக்கமும், பிறகுதான் மெல்லத் தெளியும் என்கிறார். எல்லாருக்கும் அதே வரிசையில் வரும் என்றில்லை, ஆனால் இப்படி ஒன்று வந்து போகும் என்று முன்பே தெரிந்திருந்தால் நான் அப்படிப் பதறியிருக்க மாட்டேன். ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். எனக்குத்தான் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மற்ற நாள்களில் அவள் சமையலறையில் அந்த அம்மாவோடு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே பேசப் பழகினாள், மார்ச்சுக்குள் ஜெர்மன் நன்றாகவே வந்துவிட்டது.

திரும்பி வந்த பிறகும் சிரமம் இருந்தது. அத்தை வீட்டில் பசியாறச் சொன்னபோது "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள், அத்தைக்கு மனம் நொந்துவிட்டது. பிள்ளை மாறிவிட்டாள் என்று சொந்தத்தில் பேச்சு. இதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே இந்தத் திட்டங்களை நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், விளக்கக் கூட்டத்தை ஒரு முழு நாளாவது வையுங்கள். போய் வந்த பிள்ளைகளைப் பேச விடுங்கள். பெற்றோருக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், எப்போது அழைப்பது, பிள்ளை அழுதால் என்ன சொல்வது என்று எங்களுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். அடுத்த குழு கிளம்புமுன் கூப்பிட்டால் என் மகள் எந்தச் சனிக்கிழமையும் வந்து பேசத் தயார், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு