ஐஸ் கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரி என்ன ஆனது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் போனிலேயே என்னோடு விழித்திருந்தீர்கள். அதனால் அதை முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றில் எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று பார்க்க எடுத்த தண்ணீர் மாதிரிகள் தப்பித்துவிட்டன. கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கடைசிப் புட்டியை அளந்து முடித்தோம். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

முதல் நன்றி ஆம்பூரில் மீன் விற்கும் அக்காவுக்கு.

பாலாற்றில் எடுத்த தண்ணீரில் ஒரு பங்குக்கு நைட்ரிக் அமிலம் விட்டிருந்தோம். ஈயம், காட்மியம், மொத்த குரோமியம் பார்க்க அது போதும், மாதக்கணக்கில் தாங்கும். கவலையெல்லாம் குரோமியம்-6 என்ற வகைக்கு என்று தனியாக எடுத்த 14 புட்டிகள் மேல்தான். புற்றுநோய் வரை கொண்டுபோவது அந்த வகைதான். அதில் அமிலம் விடக் கூடாது. 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். எங்கள் ஐஸ் மொத்தமும் கரைந்திருந்தது.

கடையைக் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஐஸ் என்ன விலை என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மிச்சமிருந்த சங்கரா மீனை எடுத்து ஈரச் சாக்கில் போட்டுவிட்டு, தெர்மாகோல் பெட்டியை ஐஸோடு என் பக்கம் தள்ளினார். "மீன் கெட்டுடுமே அக்கா" என்றேன். "அத்த நான் பாத்துக்கறேன், நீ எடு பாப்பா" என்றார். ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஒவ்வொரு புட்டியையும் இரண்டு பையில் போட்டு நான் கட்டக் கட்ட, டார்ச் பிடித்ததும் அவர்தான்.

அப்போதுதான் கேட்டார்: "இன்னா பாப்பா, கெட்டுப்போன தண்ணியத்தானே எடுத்துனு போற? அதுல இன்னும் கெட இன்னா கீது?"

சும்மா வைத்தால் குரோமியம்-6 புட்டிக்குள்ளேயே வேறு வகையாக மாறிவிடலாம், ஆற்றில் இருந்ததைவிடக் குறைவாகக் காட்டும் என்றேன்.

"அப்போ தண்ணி நல்லாகீதுன்னு சொல்லிடுவானுங்களா?"

"ஆமாம் அக்கா, அதுதான் பயம்."

ஒன்றும் பேசாமல் இன்னும் இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டார்.

ராத்திரி நேரம் கழித்தும் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்த அண்ணன், வண்டி ஓட்டி வந்த தம்பி, கிணற்றிலும் மொண்டுகொள்ளச் சொன்ன விவசாயிகள், பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒருவரையும் மறக்கவில்லை.

மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான். 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தில் ஆறு பேசாது, அங்கே எண்தான் பேச வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. அவ்வளவு சின்ன எண்ணை, ஐஸ் இல்லாத ஓர் இரவு அழித்துவிடும் என்பதை நான் படித்துத்தான் வைத்திருந்தேன். நேற்றுதான் பயந்தேன்.

இரண்டாம் முறை சரிபார்க்காமல் எங்கள் எண்களை வெளியே சொல்ல மாட்டேன். சரிபார்த்ததும், எளிய தமிழில் ஒரே தாளில் எழுதி, முதல் பிரதியை அக்கா கையில் கொடுப்பேன். அப்புறம்தான் மற்ற யாருக்கும்.

பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வியாபாரம் தொடங்கும் முன் ஆம்பூர் போகிறேன். சங்கரா மீனுக்குக் காசு கொடுக்காமல் வரமாட்டேன்.