தரைச் செடிய தண்ணில முக்கி விக்கிறாங்க, கொஞ்சம் பாத்து வாங்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல வீட்டு மீன் தொட்டி பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, பிளாஸ்டிக் செடிய தூக்கிப் போட்டுட்டு நெஜ செடிய வைங்கன்னு எழுதினதுக்கு பெரிய தேங்க்ஸ். ஆனா அதப் படிச்சுட்டு நேரா கடைக்குப் போறவங்க கையில எந்தச் செடி வந்து சேரும்னு நெனச்சாதான் பக்குன்னு இருக்கு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

விஷயம் என்னன்னா மீன் கடைல தண்ணிக்குள்ள முக்கி வச்சு விக்கிற செடி நெறைய தண்ணிச் செடியே கிடையாது. லக்கி பாம்பூ, சிங்கோனியம், பால்கனில தொங்க விடுறோமே அந்த ஸ்பைடர் பிளான்ட், மாண்டோ கிராஸ், ஊதா கலர்ல இலை சுருங்கின மாதிரி இருக்குமே பர்ப்பிள் வாஃபிள், எல்லாமே தரைல வளர்றது. லக்கி பாம்பூ பேருக்குத்தான் மூங்கில், உண்மைல அது ஆப்பிரிக்காவச் சேந்த டிரசீனா, வேர் தண்ணில நின்னா ஓகே ஆனா இலை வெளிய காத்துல இருந்தே ஆகணும். இதயெல்லாம் கடைல அடில நட்டு லைட்டப் போட்டு வச்சிருப்பாங்க, பாக்க பளபளன்னு இருக்கும், வாங்கிட்டு வந்தா சில வாரம் தாங்கும், அப்புறம் தண்டு கொழகொழன்னு ஆகி அழுகும். அழுகுற செடிலேர்ந்து அம்மோனியா ஏறும், சின்னத் தொட்டியா இருந்தா மீனும் சேந்து போயிடும். வீட்டுல உள்ளவங்க "நம்ம கைக்கு செடி வராது"ன்னு முடிவு பண்ணி திரும்ப பிளாஸ்டிக்குக்கே போயிடுறாங்க, எனக்கு கோவம் வர்றது இந்த எடத்துலதான்.

ஏன் அழுகுதுன்னா, தரைச் செடி இலை மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், காத்துலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்கத்தான் அது பழகியிருக்கு. தண்ணிக்குள்ள அந்த வாயு காத்துல பரவுறத விட சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும். நெஜமான தண்ணிச் செடிக்கு இலை ரொம்ப மெலிசு, இலை முழுக்க தண்ணிலேர்ந்தே உறிஞ்சிக்கும், வெளிய தூக்கினா துவண்டு விழுந்துடும். கடைல இதயே டெஸ்ட்டா பண்ணிப் பாக்கலாம், வேலம்பாசியையோ வாலிஸ்னேரியாவையோ தூக்கினா ஈரத்துணி மாதிரி தொங்கும், சிங்கோனியம் வெறப்பா நிக்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, அனூபியாஸ் நல்ல தண்ணிச் செடிதான் ஆனா அதுவும் வெறப்பாத்தான் நிக்கும், அதனால டெஸ்ட்ட மட்டும் நம்பாம பேர கேட்டு செல்போன்ல ஒரு தடவ தேடிப் பாத்துட்டு வாங்குங்க.

சரி எத வாங்குறது. நம்ம சென்னை வெயிலுக்கு மே மாசம் தொட்டித் தண்ணி 30 டிகிரிய சாதாரணமா தாண்டும், யூடியூப்ல பாக்குற புல்வெளி மாதிரி தரை பூரா பரவுற செடியெல்லாம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ஸ்ட்ராங் லைட்டும் இல்லாம இந்தச் சூட்டுல வைக்கிறது காசக் கரைக்கிற வேலை. ஆரம்பிக்கிறவங்களுக்கு வாலிஸ்னேரியா, வேலம்பாசி, ஹார்ன்வோர்ட், அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் இது போதும்ங்க. வேலம்பாசி நம்ம ஏரி குளத்துல சும்மா கெடக்குறதுதான், எடுத்துட்டு வந்தா லேசான ரோஸ் கலர் வர்ற அளவுக்கு பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த தண்ணில பத்து நிமிஷம் போட்டு நல்லா அலசிட்டு விடுங்க, இல்லன்னா நத்தை கூடவே வந்து குடும்பம் நடத்தும். அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டுக்கும் படுக்கையா ஓடுற கெட்டித் தண்டு இருக்கும், அத மண்ணுல பொதச்சா அழுகிடும், நூலால கல்லுலயோ கட்டைலயோ கட்டி விட்டா போதும்.

கிரிப்டோகொரைன் பத்தி தனியா சொல்லணும். கடைல விக்கிற 'வென்ட்டியை'ங்கிற வகைக்கு சொந்த ஊரு பக்கத்துல இலங்கைதான், ஆனா எடம் மாத்தினா ஒடனே கோவிச்சுக்கும், ஒரு வாரத்துலயே இலையெல்லாம் கரைஞ்சு கூழா போயிடும். செத்துப் போச்சுன்னு புடுங்கிப் போடாதீங்க, கரைஞ்ச இலைய மட்டும் எடுத்துட்டு வேர அப்படியே விடுங்க, சில வாரத்துல புது இலை வரும். பண்ணைல இதயெல்லாம் பெரும்பாலும் தண்ணிக்கு வெளிய ஈரப்பதத்துல வளக்குறாங்க, அந்தப் பழைய இலை போய் தண்ணிக்கான இலை வரணும், அவ்ளோதான். அதாவது தண்ணிச் செடிக்கும் மொதல்ல இலை போகும், தரைச் செடிக்கும் போகும், புதுசா இலை வருதான்றதுதான் வித்தியாசம். இது தெரியாமத்தான் நல்ல செடியும் குப்பைக்குப் போகுது.

லைட்டு ஒரு நாளைக்கு 6லேர்ந்து 8 மணி நேரம் போதும், ஜன்னல் வெயில் நேரா பட்டா கண்ணாடி பூரா பச்சையா பாசி ஏறும். யூரியா, டி.ஏ.பி. எல்லாம் மாடித் தோட்டத்தோட நிக்கட்டும், தொட்டில போட்டா மீனுக்கு விஷம். செடி இருக்குல்லன்னு ஏர் பம்ப்ப ராத்திரில ஆஃப் பண்ணாதீங்க, இருட்டுல செடியும் ஆக்ஸிஜனத்தான் எடுக்கும். கோல்டு ஃபிஷ் வளக்குறவங்க வேலம்பாசி வச்சா அது செடியா நிக்காது, சாப்பாடுதான்.

வெட்டிப் போடுற செடிய, அதுவும் கபோம்பா மாதிரி வெளிநாட்டுச் செடிய, ஏரிலயோ கால்வாய்லயோ போட்டுடாதீங்க. நம்ம ஏரிய எல்லாம் மூடிக்கிட்டு கெடக்குற வெங்காயத்தாமரையும் தென் அமெரிக்காவுலேர்ந்து அழகுக்குன்னு கொண்டு வந்ததுதான். காய வச்சு ரோஜாத் தொட்டில போட்டா நல்ல உரம்.

கடைக்காரங்க எல்லாரையும் நான் கொற சொல்லல. கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்கள்ல செடியப் பத்தி அரை மணி நேரம் நின்னு பொறுமையா சொல்லிக் குடுக்குறவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டா "சார் இது வேணாம், தாங்காது"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. கேக்காம வாங்குறவங்களுக்குத்தான் பிரச்சனை. தொட்டி மேல "இலை தண்ணிக்கு மேல இருக்கணும்"னு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட என்ன செலவு ஆயிடப் போகுது? லக்கி பாம்பூவ தல வெளிய தெரியுற மாதிரி வைங்கன்னு சொல்லி வித்தாலும் விக்கத்தான் செய்யும், தொட்டிக்கும் அழகுதான்.

உங்க அடுத்த இணைப்புல எடம் இருந்தா இந்தத் தரைச் செடிங்களோட போட்டோவ மட்டும் பேரோட கலர்ல போடுங்க ஐயா, ஜனங்க அத கத்தரிச்சு கைல எடுத்துட்டே கடைக்குப் போவாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்,
வில்லிவாக்கம், சென்னை.