ஷூவைத் திருப்பி அனுப்பாதீர்கள்: கொங்கு நாட்டுப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு பக்கம் விடுதியோடு மேல்நிலைப் பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

பல்லடத்துக்குப் பக்கத்து ஊரில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு போர்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஓயாத தறிச் சத்தம். அவ்வளவுதான் எங்கள் கிரவுண்டு.

இங்கே ஒரு தறிக்காரர் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடினான். பத்தாவது படிக்கும்போதே ஆறடியைத் தாண்டிவிட்டான். இடது கையில் பந்தைத் தட்டிக்கொண்டே, கண்ணை ரிங்கில் வைத்து, இரண்டே எட்டில் எழும்பி, ரிங்குக்குக் கிட்டத்தில் போய்ப் பந்தை உள்ளே போடும் லே-அப் போடுவான். குறுவட்டம் தாண்டி, மாவட்டம் தாண்டி, மாநிலப் போட்டி வரை போனான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். சேர்க்கை அன்றைக்கு விடுதியில் பெட்டியைத் திறந்து பார்த்து, விளையாட்டு ஷூவை மட்டும் எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு வருசந்தானுங்களே, பந்து எங்கீங்க போயிறப் போகுது" என்று என்னிடம் வந்து சொன்னார் அவர். எனக்கும் அன்றைக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

போன கோடையில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தான். நல்ல மார்க். முதல் நாள் பந்தை வாங்கி நான்கு தட்டுத் தட்டினான். குனிந்து பந்தையே பார்த்துத் தட்டினான். எட்டாம் வகுப்பில் விட்டொழித்த பழக்கம் அது. எழும்பும்போது எட்டு தவறி, பந்து போர்டின் அடிவிளிம்பில் பட்டுத் தெறித்தது. "கை போயிருச்சுங்க சார்" என்றான். அப்புறம் அவன் கிரவுண்டுக்கு வரவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் என்ன போகிறது என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். தேசியப் போட்டிகளில் யூத் பிரிவு என்பது 16 வயதுக்குள், ஜூனியர் பிரிவு என்பது 18 வயதுக்குள். மாநில அணிக்கு ஆள் எடுப்பதும், கோவைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்த்துப் பெயர் குறித்துக்கொள்வதும் இந்த வயதில்தான். கல்லூரி அணியில் இடம் கிடைத்தால்தான் அடுத்த கதவு திறக்கும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப். என்கிற சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித் துறை என்று வேலையோடு ஆடும் அணிகளுக்குப் போகும் வழி அதுதான். 2015-இல் வந்த யூபிஏ என்ற தொழில்முறை லீக்கில் சென்னை ஸ்லாம் அணி ஆடியது, பிறகு வந்த ஐஎன்பிஎல் லீக்கில் சென்னை ஹீட் அணி ஆடியது. ஆனாலும் நம் நாட்டில் ஒரு கூடைப்பந்து வீரனுக்கு மாதாமாதம் சோறு போடுவது இன்னும் இந்தத் துறை அணிகள்தான். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஆடாதவனை இவர்களில் யார் கண்ணும் பார்க்காது.

பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்ன ஊர் விவசாயி மகன் சத்னம் சிங். 2010-இல் 14 வயதில் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் 2015 வீரர் தேர்வில் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு 19 வயது. 14-க்கும் 19-க்கும் நடுவில் அவர் கையில் பந்து இருந்தது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமலில்லை. தறியை அடமானம் வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் மார்க்கைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே வேண்டாம் என்று 2025-இல் அரசே எடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் இருக்கிறது. இதையும் சேர்க்கை அன்றைக்குப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

நான் பெரிதாகக் கேட்கவில்லை. உங்களில் பல பேர் பள்ளியில் எங்கள் கிரவுண்டைவிட நல்ல கோர்ட் இருக்கிறது. விளம்பரப் படத்தில் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை அதன் கேட்டைத் திறந்து வையுங்கள். மாவட்டத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு அன்றைக்கு வருகை போடுங்கள். ஸ்பெஷல் கிளாஸுக்கு வரவில்லை என்று அவனை வெளியே நிறுத்தாதீர்கள். உடற்கல்வி ஆசிரியரின் பீரியடை இயற்பியலுக்குக் கொடுக்காதீர்கள். கோடையில் கரூரில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ஒரு ராத்திரி பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போங்கள். பெரிய அணிகள் ஆடுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்தப் பையனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். இப்போது பத்தாம் வகுப்பு, அண்ணனைவிட உயரம். வருகிற ஜூனில் உங்களில் யாரோ ஒருவர் பள்ளிக்குத்தான் வருவான். பெட்டியில் துணிக்கு அடியில் ஷூ இருக்கும். அதை எடுத்து அவன் அப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்து கூடைப்பந்துப் பயிற்சியாளன்