மலையில் எடுத்துவைத்த கற்கள்

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமுழுக்கு நல்லபடியாக நடந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலிதான் பாடாய்ப்படுத்துகிறது, மற்றபடி சுகம்.

ஹனுக்கா யூதர்களின் பண்டிகை, கிறிஸ்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நிறைய இருக்கிறது. யோவான் 10ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை, மாரிகாலம், சாலொமோன் மண்டபத்தில் இயேசு உலாவிக்கொண்டிருக்கிறார். அந்தப் பண்டிகைதான் ஹனுக்கா. நம் ஆண்டவர் அந்த நாளில் அங்கே இருந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

பண்டிகை பிறந்த கதை உங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் மக்கபேயர் முதல் நூலில் இருக்கிறது. எங்கள் வேதாகமத்தில் அந்த நூல் இல்லாததால் உங்கள் பதிப்பை வாங்கி வைத்திருக்கிறேன். யூதேயாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு எப்பிபானு கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தினான். ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தான். யூதா மக்கபே போரிட்டு ஆலயத்தை மீட்டு, கி.மு. 164இல் யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் புதிய பலிபீடத்தில் பலி செலுத்தினார். எட்டு நாள் விழா. ஒரு நாளைக்குரிய எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாக எல்லோரும் சொல்லும் அற்புதம் அந்த நூலில் கிடையாது. பிற்காலத்து யூத ரபிகளின் நூலான தல்மூதில்தான் வருகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு செய்தி. பழைய பலிபீடத்தை இடித்தார்கள். அந்தக் கற்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. தீட்டுப்பட்டதால் பயன்படுத்தவும் முடியவில்லை. என்ன செய்வதென்று ஓர் இறைவாக்கினர் வந்து சொல்லும்வரை, கோவில் மலையிலேயே தகுந்த இடத்தில் எடுத்து வைத்தார்கள். யோசித்துப் பார், வெற்றி விழாவின் நடுவிலும், இனி ஒருவர் வரவேண்டும் என்ற காத்திருப்பு! அதே மலையில், அதே விழாவில், "நீர் கிறிஸ்துவா, தெளிவாகச் சொல்லும்" என்று இயேசுவைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள். பிதா தம்மைப் பரிசுத்தமாக்கி உலகுக்கு அனுப்பினார் என்கிறார் அவர். பலிபீடத்தைப் பரிசுத்தமாக்கிய நாளில் இப்படிச் சொன்னது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவர்மேல் எறியக் கல் எடுத்ததும் அங்கேதான்.

உங்கள் ஊர்ச் சபை ஒன்றில் ஒன்பது கிளை விளக்கு வைத்து ஹனுக்கா கொண்டாடியதாக எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. அது யூதர்கள் தங்கள் வீடுகளில் ஏற்றும் விளக்கு. நூற்றாண்டுக் கணக்கில் நம் சபைகளின் கையாலேயே அடிபட்ட மக்கள் அவர்கள். அவர்கள் பண்டிகையை நமதாக்கிக்கொள்வது பாசமாகாது. நாம் யோவான் 10ஐ வாசிப்போம். அந்தியோக்குக்குப் பணியாமல் உயிர்விட்ட ஏழு மகன்களையும் தாயையும் நினைப்போம். ஆகஸ்ட் 1இல் அவர்களை நினைவுகூரும் வழக்கம் பழைய திருச்சபைக்கு இருந்ததே.

அந்தக் கதை மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வாசித்துவிட்டு எழுது. மேரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ஞானராஜ்