சின்னவனுக்கு, லெக்சிங்டனிலிருந்து

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; இந்தக் குளிரில் முழங்கால் வலிதான் கூடிவிட்டது. உனக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியைக் கோவில்பட்டி மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அன்று அம்மா பாயசம் வைத்துச் சாமி படத்துக்குப் படைத்தாள். நம் தெருப் பிள்ளைகளில் அந்த உயரத்துக்குப் போனவர்கள் யாருமில்லை. அதை நீயே எங்களிடம் சொல்லியிருக்கலாம். சரி, விடு.

நீ ஃபோனை எடுப்பதில்லை. குடும்பக் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாமல் முழுதாகப் படி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

பெரியவன் வேலைக்குப் போனபின் பகலில் எனக்கு இங்கே ஒன்றும் இல்லை. நூலகத்துக்கு நடந்து போய், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்தக் கென்டக்கி மாநிலத்தின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் போரை நான் வகுப்பில் ஒரு பாடவேளையில் முடித்துவிடுவேன்: வடக்கு, தெற்கு, லிங்கன், அடிமை ஒழிப்பு. கென்டக்கி அப்படி முடியக்கூடியதல்ல. இங்கே அடிமை முறை இருந்தது. ஆனால் மாநிலம் ஒன்றியத்தை, அதாவது வடக்கின் பக்கம் இருந்த அமெரிக்க அரசை, விட்டுப் பிரியவில்லை. லிங்கன் பிறந்ததும் இந்த மண்ணில்தான், அவரை எதிர்த்து நின்ற தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததும் இந்த மண்ணில்தான். இருவருக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம்.

போர் தொடங்கியதும், 1861 மே மாதம், நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று இந்த மாநிலம் அறிவித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் தெற்குப் படை மிசிசிப்பிக் கரையில் இருந்த கொலம்பஸ் ஊருக்குள் நுழைந்தது. இரண்டொரு நாளில் வடக்குத் தளபதி கிராண்ட் படையோடு வந்து பதூகா ஊரைப் பிடித்தார். நடுநிலை நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. சட்டமன்றம் ஒன்றியத்தின் பக்கம் நின்றது. அது பிடிக்காதவர்கள் நவம்பரில் ரஸ்ஸல்வில்லில் கூடிப் போட்டி அரசு ஒன்றை அமைத்தார்கள். தெற்கும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரே மாநிலத்துக்கு இரண்டு அரசு, இரண்டு கொடியிலும் ஒரு நட்சத்திரம்.

உங்கள் வீட்டுப் பங்குச் சண்டையில், சித்திரையில் வாசலில் வைத்து, நான் யார் பக்கமும் இல்லை என்று சொன்னேன். உனக்கு அதில்தான் கோபம் என்று அம்மா சொல்கிறாள்.

ஜான் கிரிட்டென்டன் என்று ஒரு பெரியவர் இந்த மாநிலத்தின் செனட்டராக இருந்தார். போரைத் தடுத்துவிட வேண்டும் என்று தள்ளாத வயதில் அலைந்தவர். 1860 டிசம்பரில் ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். அது தோற்றது. அவருடைய மகன் ஜார்ஜ் தெற்குப் படையில் தளபதி. இன்னொரு மகன் தாமஸ் வடக்குப் படையில் தளபதி. 1862 ஜனவரியில் ஜார்ஜ் சொந்த மாநிலத்திலேயே, மில் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், மழையிலும் மூடுபனியிலும் போரிட்டுத் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் பெரிவில் போர்க்களத்துக்குத் தாமஸ் தன் படையோடு வந்தார். கடும் வறட்சிக் காலம் அது. ஓடைக் குட்டைகளில் கிடந்த தண்ணீருக்காகவே அங்கே முதல் துப்பாக்கிகள் வெடித்தன. தகப்பனார் 1863 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கண்ணை மூடினார். போர் முடிய இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருந்தது. எந்த மகன் எங்கே நிற்கிறான் என்று செய்தித்தாளில் தேடிக்கொண்டே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பெரியவன் காரில் அழைத்துப்போனான். தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் ஒரே இடுகாட்டில்தான் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது, தம்பி பேசினானா என்று கேட்டான். அவன் தினமும் கேட்கிறான். அவன் நாக்கு பொல்லாதது, நான் மறுக்கவில்லை. அன்று அவன் உன்னைப் பற்றிச் சொன்னது தவறு, முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். நீ திருப்பி எழுதியதும் சிறியதல்ல.

எழுதியது அழியாது, சின்னவனே. லிங்கனுடைய மனைவி மேரி இந்த லெக்சிங்டன் பெண். அவருடைய தங்கை எமிலியின் கணவர் தெற்குப் படையின் தளபதி. 1863 செப்டம்பரில் சிக்கமாகா போரில் மாண்டார். விதவையான தங்கையை லிங்கனும் மேரியும் வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து வைத்துக்கொண்டார்கள். எதிரியின் மனைவியா என்று ஊரே கேட்டது. லிங்கன் பொருட்படுத்தவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மேரி தன் மகன் வில்லியைப் பறிகொடுத்திருந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள். போரால் முறியாத அந்த உறவு அடுத்த ஆண்டு எமிலி லிங்கனுக்கு எழுதிய ஒரு கடுமையான கடிதத்தோடு முறிந்துபோனது. கோபத்தில் எழுதாதே, எழுதினாலும் அனுப்பாதே என்று உனக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லிவருகிறேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

இதோடு முடித்துவிடத்தான் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் கேம்ப் நெல்சன் என்ற பழைய படைமுகாமுக்குப் போய்வந்த பிறகு இந்தக் கதை எனக்கு வேறாகத் தெரிகிறது.

அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள் என்றுதான் இங்கே எல்லாப் புத்தகமும் ஆரம்பிக்கிறது. நானும் இரண்டு மகன்களின் தகப்பன். அதைப் படித்துக் கண் கலங்கினேன். போருக்கு முன் இந்த மாநிலத்தில் 2,25,483 பேர் அடிமைகளாக இருந்தார்கள். கிரிட்டென்டன் கொண்டுவந்த சமரசம் என்ன தெரியுமா? ஒரு கோட்டுக்குத் தெற்கே அடிமை முறை என்றென்றைக்கும் இருக்கலாம், இனி எந்தத் திருத்தமும் அதைத் தொடக்கூடாது என்பது. பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கேட்க ஆளில்லாதவர்கள் தலையில் சுமையை வைப்பது. அந்தப் பெரியவர் நல்லவர்தான். ஆனாலும் அது அநியாயம்.

கேம்ப் நெல்சன் லெக்சிங்டனுக்குத் தெற்கே, அரை மணி நேரப் பயணம். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் இது ஒன்றியத்தோடு இருந்த மாநிலம். கறுப்பின ஆண்களுக்கு விடுதலைக்கு இருந்த வழி படையில் சேர்வது. அந்த முகாமில் மட்டும் பத்தாயிரம் பேர் அளவுக்குச் சேர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து வந்த மனைவி மக்களுக்கோ எந்தச் சட்டமும் இல்லை. 1864 நவம்பர் இறுதியில், உறையும் குளிரில், ஏறத்தாழ நானூறு பெண்களையும் குழந்தைகளையும் முகாம் அதிகாரி வெளியே துரத்தினார். குடிசைகளையும் இடித்தார்கள். நூற்றிரண்டு பேர் இறந்தார்கள். ஜோசப் மில்லர் என்ற சிப்பாயின் வாக்குமூலம் இருக்கிறது. அவருடைய மகன் நோயில் கிடந்தவன். வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரவில் தேடிப் போனார். பையன் இறந்து கிடந்தான். முகாமுக்குத் திரும்பி, மறுநாள் மறுபடியும் நடந்து போய்க் குழி வெட்டிப் புதைத்தார். வாக்குமூலத்தில் ஒரு வசைச்சொல் இல்லை. சில வாரத்தில் அவரும் போய்விட்டார். இந்த அநியாயம் வெளியே தெரிந்து எழுந்த கூச்சலில்தான், சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்ற சட்டம் 1865 மார்ச்சில் வந்தது.

போருக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். தோற்ற தெற்குத் தளபதிகளுக்கு லெக்சிங்டன் நீதிமன்ற வாசலில், முன்பு அடிமைகளை ஏலம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, சிலை வைத்தார்கள். அந்தச் சிலைகளை 2017இல்தான் எடுத்தார்கள். அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தை இந்த மாநிலம் 1865இல் நிராகரித்தது; ஒப்புக்கு ஏற்றுக்கொண்டது 1976இல். சகோதரர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். மூன்றாவது ஆளை யாரும் கேட்கவில்லை.

அந்த ஜனங்கள் பட்டதோடு நம் வீட்டு விவகாரத்தை வைத்துப் பேசுவதற்கில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் அக்கா ஞாபகமாகவே இருக்கிறது.

தெற்குத் தெரு வீட்டை முன்கட்டு உனக்கு, பின்கட்டு பெரியவனுக்கு என்றோ, விற்றுப் பாதிப் பாதி என்றோ எத்தனை சமரசம் பேசினோம்! மாமா பேசினார், பால்வண்ணம் வாத்தியார் பேசினார். அத்தனை பேச்சிலும் அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கென்ன, கல்யாணத்துக்குச் செய்தாயிற்று என்று சொன்னவர்கள் நீங்கள் இரண்டு பேரும்தான். அதில் மட்டும் உங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவில் கூட இருந்தது யார்? நீ பெங்களூரில், அவன் இங்கே. நான் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி.

வீடு என் பெயரில் இருக்கிறது. மூன்று பங்காக எழுதப்போகிறேன். பெரியவனிடம் நேற்று இரவு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்பி ஒத்துக்கொண்டால் எனக்கும் சரி என்றான். உன்னிடம் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நீ எடுக்காத ஃபோனில் எப்படிச் சொல்வது?

மார்ச் கடைசியில் ஊருக்கு வருகிறோம். பத்திரப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டு எழுதுகிறேன். லீவு சொல்லி வை. அண்ணனிடம் பேசுவது உன் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. அக்காவுக்கு இந்த வாரமே ஃபோன் செய். வீட்டைப் பற்றி அவளாகக் கேட்கமாட்டாள். நீயே சொல், உன் வாயால் சொல். அவளுடைய இளையவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது, அதையும் விசாரி.

அம்மா தைலம் கேட்கிறாள். வரும்போது இரண்டு புட்டி வாங்கி வா. இரவில் வெகுநேரம் விழிக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா