புறக்கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்து நீரூற்றில் மறுபடி தண்ணீர் விடுங்கள்

கொழும்பு நகரின் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். புறக்கோட்டைச் சந்தையின் வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனோடு சேர்த்துக் கட்டிய நீரூற்றுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் தம்பியின் கலியாணத்துக்குச் சேலை எடுக்க அம்மாவோடு வந்திருந்தேன். இரண்டு குறுக்குத் தெரு நடப்பதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. நல்ல மத்தியான வெயில். கொண்டுவந்த தண்ணீரும் முடிந்திருந்தது. கோபுரத்தடியில் உட்கார வைத்தேன். பக்கத்திலேயே நீரூற்று, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கைவண்டியை ஓரமாக நிறுத்தியிருந்த, சாமான் சுமக்கும் நாட்டாமை ஒருவர் தன் போத்தலை நீட்டினார். அறுபதைத் தாண்டியவர். போத்தலில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. அம்மா குடித்து முடித்த பிறகுதான் கதைத்துத் தெரிந்துகொண்டேன். அது அவர் காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். பின்னேரம் வரை வண்டி இழுக்க அவருக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். நான் வாங்கி வந்த போத்தலை வேண்டாம் என்றார். அம்மா கையால் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

வறண்ட ஊற்றுக்கு முன்னால், ஒரு கூலித் தொழிலாளியின் தண்ணீரை நாங்கள் குடித்தோம். அந்த வெட்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று நினைக்கிறேன்.

கோபுரத்துக் கல்வெட்டை நீங்கள் படித்திருப்பீர்கள். பார்சி வணிகர் பிரம்ஜீ பிகாஜீ கானின் நினைவாக, அவர் இறந்த 45ஆவது ஆண்டு நாளில், 1923 ஜனவரி 4 அன்று, அவருடைய இரண்டு மகன்மார் கொழும்பு மக்களுக்கு இதை அர்ப்பணித்தார்கள். மணிக்கூட்டுக் கோபுரம் என்று மட்டும் அதில் எழுதவில்லை, நீரூற்று என்றும் எழுதியிருக்கிறது. தகப்பன் பெயர் நிலைக்க வேண்டுமென்று தண்ணீர் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகளைக் கொண்டாடும் நமக்கு அந்த மனசு விளங்காததல்ல. வெசாக்குக்குத் தன்சல், ஆடிவேலுக்குத் தாகசாந்தி என்று வீதியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் கொடுக்கும் ஊர் இது. அந்த நாட்கள் போனால் ஒரு வாய் தண்ணீருக்கு வழியில்லை.

தண்ணீர் மட்டுமா? புறக்கோட்டைக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக நல்ல இடம் இல்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதாக எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை சொன்னாள். வயதானவர்கள் குந்த ஒரு வாங்கு இல்லை. இந்தச் சந்தையில் சாமான் வாங்கித்தான் ஊரெல்லாம் கடை நடக்கிறது. அந்தச் சாமானைத் தோளிலும் வண்டியிலும் சுமக்கிறவர்களை மனுசராக நினைத்து எந்த வசதி செய்தோம்?

சரி, எல்லாவற்றையும் ஒரே மடலில் கேட்கவில்லை. இப்போதைக்கு நான் கேட்பது ஒன்றுதான். அந்த நீரூற்றில் தண்ணீர் விடுங்கள், குடிக்கக்கூடிய தண்ணீராக. பழைய கல்லை உடைக்க முடியாதென்றால் பக்கத்தில் போத்தல் நிரப்புகிற மாதிரி ஒரு குழாய் போதும். குடிநீர் என்று மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது கழுவிச் சுத்தம் செய்ய ஒருவரை நியமியுங்கள். வாகனங்கள் சுற்றிப் போகிற இடம் அது, நடந்துபோய்ச் சேர பாதுகாப்பான கடவையும் வேண்டும்.

அடுத்த மாதம் கலியாணச் சாமான் வாங்க மறுபடி வருவோம். அந்த ஐயாவைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்த ஊற்றில் தண்ணீர் வரச் செய்யுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புறக்கோட்டைக்கு வந்துபோகும் ஒருத்தி