படகில் ஏறுமுன் படித்துவிடு, அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

ரிசார்ட்டில் தங்கும்போது ஒரு நாள் முழுக்கத் தனி யாட் எடுக்கிறோம், அதிலிருந்தே ஸ்நார்க்கலிங் போகிறோம் என்று நீ போனில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. அம்மா பக்கத்திலேயே இருந்தாள். கடல், ஆழம் என்று நான் வாயைத் திறந்திருந்தால் அன்று ராத்திரி அவள் தூங்கியிருக்க மாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். போகாதே என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே, கட்டாயம் போ. மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேல் முகம் கவிழ்ந்து மிதக்கும் சுகத்துக்கு நிலத்தில் ஈடு கிடையாது.

கூட்டத்தோடு போகும் சுற்றுலாப் படகில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கும். இத்தனை மணிக்கு இறங்கு, இத்தனை மணிக்கு ஏறு என்று விசில் அடிப்பார்கள், காவலுக்கு ஒரு ஆள் நிற்பார். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நமக்காக யாரோ ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். தனிப் படகில் அந்த விசில் இல்லை. காசு கொடுத்தவர்கள் நீங்கள் என்பதால், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாமா, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் கேப்டனும் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குவார். என் கவலை எல்லாம் இது ஒன்றுதான். கிடைக்கும் சுதந்திரத்தை இன்னும் தூரம் போவதற்குச் செலவழிக்காதீர்கள், அவசரமில்லாமல் இருப்பதற்குச் செலவழியுங்கள். புக் பண்ணும்போதே மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொல்: "காற்று சரியில்லை, திரும்பலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் திரும்பிவிடுவோம், எங்களுக்காகப் பார்க்காதீர்கள்." அப்படிச் சொல்லும் ஆட்கள் படகில் இருந்தால் கேப்டனுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

காலையிலேயே கிளம்புங்கள். விடுமுறையில் உன்னை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், அந்தச் சூட்டில் நிலத்துக்கு மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று கரைப்பக்கம் வீச ஆரம்பிக்கும். மதியத்துக்கு மேல் அலை நறுக் நறுக்கென்று எழுவது பெரும்பாலும் அதனால்தான். தூரத்தில் அலை உச்சிகளில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று கூடுகிறது என்று அர்த்தம், அப்போது தண்ணீரில் இருக்கக்கூடாது. ஆனால் விடிந்தும் விடியாமலும் இறங்கினால் வெளிச்சம் சாய்வாக விழும், அடியில் ஒன்றும் சரியாகத் தெரியாது. சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு, காற்று கிளம்புவதற்கு முன்பு, அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டியது. முந்தின நாள் பெரிய மழை பெய்திருந்தால் கரையோரத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், முடிந்தால் நாளை மாற்றிவிடுங்கள்.

படகில் ஏறியதும் எல்லாரும் போட்டோ எடுக்கப் போவார்கள். நீ நேராகப் பின்பக்கம் போய் ஏணியைப் பார். சிரிக்காதே. யாட்டின் பக்கவாட்டுச் சுவர் தண்ணீரிலிருந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும், ஈரக் கையால் பிடிக்க அதில் எதுவும் இருக்காது. ஏணி கீழே இறங்கியிருக்கிறதா, தண்ணீருக்குள் இரண்டு மூன்று படியாவது போகிறதா, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸைக் கழற்றிவிட்டு அதில் கால் வைக்க முடியுமா என்று யாராவது தண்ணீரில் குதிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஆள் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே புரொப்பல்லர் இருக்கும், அதனால் இன்ஜின் முழுவதுமாக நின்ற பிறகுதான் இறங்குவது. நியூட்ரலில்தான் இருக்கிறது, பரவாயில்லை என்பார்கள். பரவாயில்லை இல்லை, அணைக்கச் சொல். அப்புறம் ரேடியோ. படகுகளில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல்தான் உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கானது. எந்த பட்டனை அழுத்திப் பேச வேண்டும் என்று கேப்டனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுவது அவராகவே இருந்தால் நீங்கள்தானே பேசியாக வேண்டும். "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், அவ்வளவுதான்.

இனி மாப்பிள்ளையின் மீசைக்கு வருவோம். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு மேலுதட்டுத் தோலில் ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் மயிர் இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை, பிறகு அவர் என்னோடு பேசமாட்டார். மூக்குக்கு நேர் கீழே மெல்லிய ஒரு கோடு அளவுக்குக் கத்தரித்துக்கொண்டால் போதும். மாஸ்க் சரியான அளவா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுக்கச் சொல். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அது அவருடையது. பட்டையை இறுக்கினால் கசியாது என்று நினைத்து இழுத்து இழுத்துக் கட்டுவார்கள், விளிம்பு கோணி இன்னும் அதிகமாகத்தான் கசியும். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து ஒரு அலசு. உனக்கு அருவருப்பு, தெரியும், ஆனால் அதைவிட எளிய வழி இல்லை. முகம் முழுவதையும் மூடும் புது மாதிரி மாஸ்க் ஒன்று வந்திருக்கிறதே, பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. சாதாரணக் குழாய் என்றால் வாயிலிருந்து துப்பிவிட்டு அடுத்த நொடி மூச்சு விடலாம், அதில் முழு மாஸ்க்கையும் முகத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டும்.

குழாய் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது, ஒரு மீட்டர் இருந்தால் இன்னும் ஆழத்தில் மிதக்கலாமே என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன், இப்போது சரியாகச் சொல்கிறேன். நாம் வெளியே விடும் காற்றில் கடைசிப் பங்கு குழாயிலேயே தங்கிவிடும், அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அந்தப் பழைய காற்றுதான். குழாய் நீள நீள, கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். அது ஒன்று. இன்னொன்று, பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சின் மேல் விழும் பாரத்தை எதிர்த்து, மேலே உள்ள காற்றை இழுத்து விலா எலும்புகளை விரிக்க நம் தசைகள் திணறிவிடும். ஆகவே குட்டைக் குழாய்தான். அதிலும் குட்டி குட்டியாக மூச்சு விட்டால் பழைய காற்றே சுற்றி வந்து படபடப்பு வரும். மெதுவாக, ஆழமாக, வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிட நீளமாக. முதல் ஐந்து நிமிடம் படகைப் பிடித்துக்கொண்டு வெறும் மூச்சு விட்டுப் பழகினால் மீதி நேரம் தானாக நடக்கும்.

மாப்பிள்ளைக்கு நீச்சல் அரைகுறை என்பது ஊருக்கே தெரியும், அவர்தான் ஒத்துக்கொள்ள மாட்டார். கிண்டல் பண்ணாதே. கிண்டலுக்குப் பயந்து லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. போட்டுக்கொண்டால் மிதப்பதற்கு ஒரு முயற்சியும் வேண்டாம், பார்ப்பது மட்டுமே வேலை, நானெல்லாம் வெட்கமே இல்லாமல் போட்டுக்கொள்வேன். முக்கியமான ஒன்றைக் கேள். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையாட்டுவது அபூர்வம். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது மூச்சுக்கே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? ஸ்நார்க்கலிங்கில் இன்னும் மோசம், மூச்சு நின்றவரும் மீன் பார்க்கிறவரும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அதனால் இருவரும் கை எட்டும் தூரத்தில் இருங்கள், அவ்வப்போது தட்டிக் கேளுங்கள். படகில் ஒருவர், போனைப் பார்க்காமல், உங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் என்று பெயர் சொல்லி முடிவு பண்ணிவிட்டு இறங்குங்கள். கிளம்பும் முன் தலையை எண்ணச் சொல்லுங்கள், நாலே பேர்தானே என்று விடாதீர்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டைவிங் போன ஒரு தம்பதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இரண்டு நாள் கழித்துப் படகில் கிடந்த பையைப் பார்த்த பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை.

உனக்கு வேறு மாதிரி ஆபத்து. நீ நன்றாக நீந்துவாய், அதுதான் பிரச்சினை. கீழே ஒரு ஆமையைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்வாய். பாயலாம், ஆனால் பாய்வதற்கு முன் வேக வேகமாக நாலைந்து மூச்சு இழுத்து விடுவார்களே, அதை மட்டும் செய்யாதே. அப்படிச் செய்தால் ஆக்சிஜன் ஒன்றும் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு விட வேண்டும் என்று உடம்பு அடிக்கும் மணி அந்தக் கரியமில வாயுவை வைத்துத்தான். மணியை அணைத்துவிட்டு இறங்கினால் மேலே வர வேண்டும் என்றே தோன்றாமல் நினைவு போய்விடும், நல்ல நீச்சல்காரர்களுக்கே இது நடக்கிறது. காதில் அழுத்தம் வந்தால் மாஸ்க்குக்கு மேலாக மூக்கைப் பிடித்து மெல்ல ஊது, வலித்தால் மேலே வந்துவிடு. நீரோட்டம் இருந்தால் போகும்போது அதை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது அதுவே படகுக்குக் கொண்டுவந்து விடும்.

சரி, பயம் போதும். கீழே என்ன இருக்கிறது என்று சொல்லவே இல்லையே. காது தண்ணீருக்குள் போனதும் முதலில் ஒரு சத்தம் கேட்கும், பொரி நொறுங்குவது மாதிரி விடாமல் ஒரு சடசடப்பு. அதில் பெரும்பகுதி ஒருவகைச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவது. அதற்கு நடுவே கரக், கரக் என்று தனியாகக் கேட்டால் கிட்டத்தில் கிளிமீன் இருக்கிறது, தேடு. பச்சையும் நீலமுமாக இருக்கும், அலகு போன்ற பல்லால் பாறையைக் கடித்து, பாசியைத் தின்றுவிட்டு, அரைத்த சுண்ணாம்பைப் பின்னால் புகையாக விட்டுக்கொண்டே போகும். வெப்பக் கடல்களில் நாம் காலை நீட்டிப் படுக்கும் வெள்ளை மணலில் நிறைய அப்படி வந்ததுதான். கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்களில் பெரியது எது என்று பார், அது பெண்ணாகத்தான் இருக்கும். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும், மாப்பிள்ளையிடம் சொல், ரசிப்பார். எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும், தண்ணீருக்கும் மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி வளைவதால். அதனால் இவ்வளவு பெரிய மீன் பார்த்தேன் என்று கையை விரித்துக் காட்டும்போது கொஞ்சம் குறைத்துக்கொள். ஒரே இடத்தில் மிதந்துகொண்டே இரு. நீந்திக்கொண்டே இருப்பவர்களுக்கு ஓடுகிற மீன்தான் தெரியும், பத்து நிமிடம் அசையாமல் இருப்பவர்களுக்கு ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். தனிப் படகு எடுத்ததன் லாபமே இதுதான், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

களைத்தால் பவளத்தின் மேல் நிற்காதே. கல்லாகத் தெரிவது உயிருள்ள கூட்டம், உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். பொந்துகளில் கை விடவும் வேண்டாம், கல்லோடு கல்லாகக் கிடக்கும் விஷ மீன்கள் உண்டு. நங்கூரத்தை எங்கே போடுகிறார் என்று கேப்டனிடம் கேள், மிதவையில் கட்டினால் நல்லது, மணலில் போட்டாலும் சரி, பவளத்தின் மேல் சங்கிலி இழுபட்டால் அந்த இடம் போச்சு. சன்ஸ்க்ரீனில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் இல்லாததாக வாங்கு, பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021லிருந்து அவை கலந்ததை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. பவளத்தை அதிகம் கொல்வது என்னவோ கடல் சூடாவதுதான், 2024 ஏப்ரலில் உலகளவிலான நான்காவது பவள வெளிறல் நடக்கிறது என்று அறிவித்தார்கள். நீ பார்க்கும் இடத்திலும் எலும்பு வெள்ளையாகச் சில கிளைகள் நிற்கலாம். உள்ளே வாழும் நுண்பாசி வெளியேறிவிட்டது, இன்னும் சாகவில்லை, தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். எப்படியும் முதுகுக்கு க்ரீமைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். மீன் பார்க்கும் சுவாரசியத்தில் முதுகு வெந்துபோவது ராத்திரிதான் தெரியும்.

தலைசுற்றல் மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. சிலவற்றுக்குத் தூக்கம் வரும், டாக்டரிடம் கேட்டுக்கொள். மது வேண்டாம், கரை ஏறிய பிறகு உங்கள் இஷ்டம்.

அம்மாவிடம் மீன் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், நீயும் அதற்கு மேல் சொல்லாதே. படகுக்காரர்களிடம் பேசியதும் ஏணி எப்படி, காவலுக்கு ஆள் வருகிறாரா, எத்தனை லைஃப் ஜாக்கெட் என்று கேட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. பதில் மழுப்பலாக இருந்தால் முன்பணம் கட்டாதே, வேறு படகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா